டூத்பிரஷ் இல்லை

"வெள்ளை நிற டூத்பிரஷ்," என்றது போன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து மறுபடி படம் எடுத்தாள்.

"வாஷ்பேசின் ஓரத்தில் ஒரு டூத்பிரஷ்."

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. படம் பிடித்தால் என்ன பொருள் என்று வாய்விட்டுச் சொல்லும் இந்தச் செயலி, கெட்டுப்போன பாலையும் ஜோடி மாறிய சாக்ஸையும் கூடக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இன்றைக்கென்று பார்த்து மக்கர் பண்ணியது.

வாஷ்பேசின் ஓரத்தில் இருந்த குச்சியை எடுத்துப்போய்ச் சமையல் மேடையில் வைத்தாள்.

"கத்தியின் கைப்பிடி."

மேஜையில், காகிதங்களுக்கு நடுவே வைத்தாள்.

"பேனா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் பக்கத்தில் விட்டாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளையாக்கிவிடுகிறதே!

கூடத்தில் கணவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். கூப்பிட மனம் வரவில்லை.

பிரெயில் எழுத்தைத் தடவி வானொலியில் செய்தி வாசிக்கிறவள் அவள். ஊருக்கெல்லாம் முதலில் சேதி சொல்கிறவள். அவளைப் பற்றிய சேதி மட்டும் டாக்டர், அக்கா, மாமியார் என்று ஊர் சுற்றிவிட்டுத்தான் அவளிடம் வரும். தலையில் நரை விழுந்ததே தையல்காரி சொல்லித்தான் தெரியும்.

இதையாவது அவளே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளியலறைக் குப்பைக்கூடையைத் துழாவினாள். கிழித்துப்போட்ட அட்டைப்பெட்டி கிடைத்தது. நீவி நிமிர்த்தி, அதன் பக்கத்தில் அந்தக் குச்சியை வைத்தாள்.

போன் வழக்கத்தைவிட அதிகமாக யோசித்தது.

"கர்ப்பப் பரிசோதனைக் குச்சி. இரண்டு சிவப்புக் கோடுகள் தெரிகின்றன."

ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. மருந்துக்கடைக்காரி சொல்லியிருந்தாள்.

வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அந்த நேரம் முழுக்க அந்தச் சேதி அவளுடையதாக மட்டும் இருந்தது.

பிறகு கூடத்துக்கு வந்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டி, போனை அதையே மறுபடி சொல்ல வைத்தாள்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க, காதுல விழுந்துச்சா?"

அவன் இருந்த பக்கம் போனை நீட்டிப் படம் எடுத்தாள்.

"இஸ்திரி மேஜை அருகே ஒரு ஆண் தரையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையால் முகத்தை மூடியிருக்கிறார். வேலை செய்து களைத்திருக்கலாம்."

களைப்பாம்!

போனை அணைத்துவிட்டு, விசும்பல் வந்த திசையில் நடந்தாள்.