வெள்ளித் தாயத்து

நாலு இடம் பார்த்து, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டால் தமயந்தி பழையபடி ஆகிவிடுவாள் என்று எல்லோரும் சொன்னதால்தான் குணசீலன் மனைவியை இத்தாலிக்கு அழைத்து வந்திருந்தான். பொலோன்யாவின் சாய்ந்த கோபுரங்களை அவள் அண்ணாந்து பார்த்தாள். தூண் வரிசைகளுக்கு அடியில் அவன் சொன்ன இடத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டாள். மதியம் ஒரு பழைய உணவகத்தில், தெளிந்த சூப்பில் விரல்நுனி அளவு மாவுச் சுருள்கள் மிதக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்த பரிமாறுபவர், ஊரின் பெருமையே இதுதான் என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். ஒரு தேவதையின் தொப்புளைப் பார்த்துச் செய்ததாம். சிரித்துக்கொண்டே தன் சட்டையைத் தூக்கித் தொப்புளையும் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

தமயந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துச் சங்கிலியில் கிடந்த வெள்ளித் தாயத்தைத் திறந்தாள். பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் உள்ளே அடைத்து அரைஞாணில் கட்டுவதற்காக அவள் அம்மா வீட்டில் செய்து வைத்திருந்தது அது. கொடி விழும்வரை பிள்ளை இருக்கவில்லை. கொடியோடுதான் குணசீலன் அவனைக் குழிக்குள் வைத்தான். அந்தச் சின்ன வயிறு அப்போது அவன் உள்ளங்கையில் சில்லிட்டுக் கிடந்தது.

அவள் ஒரு சுருளை எடுத்துத் துணியில் ஒற்றித் தாயத்துக்குள் அழுத்தினாள். போகவில்லை.

"வேண்டாம் தமயந்தி. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் அழவில்லை. சுருளை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"ஏனுங்க, தொட்டுப் பாருங்க," என்றாள். "இன்னும் சூடா இருக்குதுங்க."