மைதானத்துக்குள் காட்டுமாடு

"அந்தக் காட்டுமாட்டை யாரு உள்ள விட்டது?"

தலைமையாசிரியை ஜோதிமணி போட்ட சத்தத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாகுல் ஹமீதின் கையில் இருந்த டீ தளும்பியது.

நிஜ மாடு இல்லை. கறுப்புத் துணியில் தைத்து, பெரிய கொம்பு வைத்து, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் மாட்டிய வேஷம். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் அந்த உயர்நிலைப் பள்ளிக்குச் சின்னமே காட்டுமாடுதான். பிள்ளைகள் எங்கே விளையாடப் போனாலும் யாராவது அந்த வேஷத்துக்குள் புகுந்துகொண்டு ஆட்டம் போடுவார்கள். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீதுதான் ஆசையாக மதுரையில் தைத்து வாங்கிக் கொடுத்திருந்தார்.

போன மழைக்காலத்தோடு அந்தக் கூத்து நின்றுபோனது. வெள்ளனே பூண்டுத் தோட்டத்துக்குப் போன மாடசாமியை நிஜக் காட்டுமாடு முட்டித் தூக்கி எறிந்துவிட்டது. ஆள் பிழைத்ததே பெரிய விஷயம். இடுப்பெலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

அவருடைய மகள் தமிழ்மதி பத்தாம் வகுப்பு. பள்ளியின் கபடி கேப்டன்.

"அந்தப் புள்ள கண்ணுல இனி இந்த மாடு படவே கூடாது" என்று ஜோதிமணி முடிவெடுத்தார். ஊரும் ஒத்துக்கொண்டது. சுவரில் வரைந்திருந்த மாட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். வேஷத்தை லேப் ரூமுக்குள் வைத்துப் பூட்டினார்கள். தமிழ்மதி வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பரீட்சையில் அவள் கோட்டை விட்டால்கூட யாரும் ஒரு வார்த்தை திட்டுவதில்லை.

இன்றைக்குக் குறுவட்டக் கபடி ஃபைனல். எதிரே செண்பகனூர்ப் பிள்ளைகள்.

பாதி ஆட்டத்திலேயே நிலைமை மோசம். எப்போதும் புலி மாதிரிப் பாயும் தமிழ்மதி, பாடிப் போன போதெல்லாம் வெறுங்கையோடு திரும்பினாள். கடைசியாகப் போனதில் பிடிபட்டும் விட்டாள்.

"பாவம், அது மனசுல என்ன பாரமோ" என்று பின்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாடு வந்தது. பி.டி. சார் முருகானந்தம் அதைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, கோட்டுக்கு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? வாங்கிக் கொடுத்த நானே வேணாம்னுட்டேன். ஒரு கப்புக்காக இப்படியா?" என்று பொருமினார் சாகுல் ஹமீது.

ஜோதிமணி விறுவிறுவென்று முருகானந்தத்திடம் போனார்.

"லேப் ரூம் சாவிய யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலைங்க டீச்சர்."

"அந்தப் புள்ளையோட அப்பாவை முட்டினது என்னன்னு மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க."

"அப்போ வெரசா அதை வெளிய கூட்டிட்டுப் போங்க."

"ஆட்டம் முடியட்டும் டீச்சர். அப்புறம் மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

ஜோதிமணி வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கோட்டுக்குள் வந்த தமிழ்மதி மாட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். ஜோதிமணி அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். புள்ள மயங்கி விழுந்துவிடுவாளோ?

மாடு உட்கார்ந்தபடியே கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டியது. ஒரு காலால் தரையை உதைத்தது.

தமிழ்மதி பாடிப் போனாள்.

போன வேகத்தில் ஓரத்தில் நின்றவளைத் தொட்டு, குறுக்கே விழுந்தவளைத் தாண்டி, கோட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை எதிரணி மொத்தமும் மேலே விழுந்து அமுக்கியது. அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டாள்.

கூட்டம் எழுந்து கத்தியது. கப்பு மேல்மலைக்கு!

ஜோதிமணி மட்டும் கை தட்டவில்லை. "புள்ளைய உசுப்பேத்தி வாங்குற கப்பு எனக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே நேராக மாட்டின் முன்னால் போய் நின்றார். சாகுல் ஹமீதும் பின்னாலேயே வந்தார்.

"யாருங்க உள்ள? ஒரு குடும்பத்தோட வேதனை உங்களுக்கு வெளையாட்டா இருக்கா? கழட்டுங்க தலைய!"

அதற்குள் தமிழ்மதி ஓடிவந்து மாட்டைக் கட்டிக்கொண்டாள்.

"தள்ளி வாம்மா, நீ அதைப் பாக்காத" என்று ஜோதிமணி அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

அவள் நகரவில்லை. இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்து, மாட்டுத் தலையை அவளே மெதுவாகக் கழற்றினாள்.

உள்ளே, வேர்வை வழியச் சிரித்துக்கொண்டிருந்தார் மாடசாமி.

ஜோதிமணி பிடியை விட்டுவிட்டு அவர் பக்கம் குனிந்தார்.

"மாடசாமி... இந்த ஒடம்பை வச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சோலி?"

"பி.டி. சாரைத் திட்டாதீங்க டீச்சர். நாந்தான் கெஞ்சிக் கேட்டேன்" என்றார் மாடசாமி. "இனி ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு வீட்டுல ஒரே அழுகைங்க இவ."

"ஏன்? நாங்க எல்லாரும் அவளைக் கண்ணுக்குள்ள வச்சுல்ல பாத்துக்கிறோம்?"

மாடசாமி மகளின் தலையில் கை வைத்தார்.

"காட்டுமாடு என்னைய ஒரே ஒரு தடவைதான் முட்டுச்சு டீச்சர். 'ஐயோ பாவம்'னு பாத்துப் பாத்து, நீங்கள்லாம் எம்புள்ளையத் தெனந்தெனம் முட்டுறீங்க."