ரூபி உறுமும் இடம்

குவார்ட்டர்ஸ் வாசலில் மாலை வெயில் சாய்கிறது. நாய் ரூபியின் கண்ணைப் பார்க்காமல், சிமெண்ட் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து காத்திருக்கிறார் கால்நடை டாக்டர் பொற்கொடி. சங்கிலியைப் பிடித்திருக்கும் சைமன்ராஜின் வலது கையில் கட்டு. இது மூன்றாவது கடி. அவர் நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அந்த வீட்டில் அவரையும் ரூபியையும் தவிர யாருமில்லை. ரூபி மெல்ல வந்து டாக்டரின் முழங்காலை முகர்கிறது. அவர் கை அதன் கழுத்திலிருந்து முதுகு வழியாக இறங்குகிறது. இடுப்பைத் தொட்டதும் ரூபி பல் தெரிய உறுமுகிறது. கை உடனே விலகுகிறது.

"கோவம் இல்லைங்க, வலி. இடுப்பு மூட்டுன்னு நெனைக்கிறேன். எப்பல்லாம் கடிச்சிது?"

"தூங்கிக்கினு இருக்கும்போது தடவிக் குடுத்தேன். மூணு வாட்டியும் அப்படித்தான்."

"இனிமே தூங்கும்போது தொடாதீங்க. எக்ஸ்ரே எடுத்துடலாம். நாயோட கொணம் பாக்கற டாக்டர் ஒருத்தர் புதுச்சேரியில இருக்காங்க, நம்பர் தர்றேன்."

"பக்கத்து வூட்டுல, நாய் புடிக்கறவங்ககிட்ட குடுத்துடச் சொல்றாங்க."

"வேணாங்க. எங்க படுக்குது?"

"எங்கூட, கட்டில்ல."

"வலி கொறையற வரைக்கும் அதுக்குத் தனியா படுக்கை போடுங்க."

சைமன்ராஜ் தலையாட்டுகிறார். சங்கிலியை ஒரு சுற்று கையில் சுற்றுகிறார், பிறகு அவிழ்க்கிறார்.

"அது மூச்சு வுடற சத்தம் கேக்கற தூரத்துல போடலாங்களா?"