பின் டயர் வேறு கம்பெனி

தங்கையன் ஏமாற்றப்பட்டுவிட்டார். ஏமாற்றியவர் அதிராம்பட்டினத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிற மனிதரின் வண்டிக்கு முன்னால் ஒரு கம்பெனி டயர், பின்னால் வேறொரு கம்பெனி டயர் என்று மாட்டிவிட்டார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதாம். தூரம் போக முடியவில்லையாம்.

தஞ்சாவூரில் கடைசி வருஷம் படிக்கும் மகள் செம்மொழிக்கு இது வெறும் டயர் சமாசாரம் இல்லை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அந்த வெள்ளைக் கார் ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே வந்து நிற்கும். அப்பா இறங்காமலே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். பக்கத்து சீட்டில் வறுத்த மீன் டப்பா இருக்கும்.

பொங்கல் லீவோடு அது நின்றுபோயிற்று. இரண்டு மாதம். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் வெளியே எவன் ஹாரன் அடித்தாலும் அவள் ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்புவாள். யாராவது பார்த்துவிட்டால், துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்ததாகச் சொல்வாள்.

"போய்க் கேளுங்கப்பா! மாத்தித் தரச் சொல்லுங்க. அது உங்க உரிமை" என்று போனில் கத்தினாள்.

"விடும்மா. பாய் நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன் இப்படித்தான் மாட்டி அனுப்புவாரா? நீங்க என்ன, வாயில்லாப் பூச்சியா? அந்த ஆளை ஒரு கேள்வி கேக்குற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க."

பண்ணினார். அவள் எடுக்கவில்லை. பதினெட்டு நாள் எடுக்கவில்லை. அந்த டயர்க் கடையைத் திட்டி நெட்டில் நீளமாக எழுதிப் போட்டாள். ஊருக்கும் போகவில்லை. கார் வராமல் பஸ்ஸில் போய் இறங்கினால், அந்தக் கடைக்காரர் ஜெயித்ததாக ஆகிவிடாதா?

பத்தொன்பதாம் நாள் பஸ் ஏறினாள். வீட்டுக்கு இல்லை, டயர்க் கடைக்கு. ஒரத்தநாடு தாண்டியதும் அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அதுவும் நல்லதுதான் என்று, கேட்க வேண்டிய கேள்விகளை இன்னொரு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

ஜெய்னுலாபுதீன் ஒரு பைக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தங்கையன் பொண்ணு."

"செம்மொழியா? வாம்மா, வாம்மா. டீ சொல்லவா?"

"டீ குடிக்க வரல. ஒரே வண்டிக்கு ரெண்டு கம்பெனி டயர் மாட்டுறதுதான் உங்க கடை வழக்கமா?"

"முன்னாடி ரெண்டும் ஒரே கம்பெனி, பின்னாடி ரெண்டும் ஒரே கம்பெனிம்மா. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு போட்டாத்தான் ஆபத்து. இது ஓடும்."

"நாலும் ஒண்ணா இருக்கிறதுதான் நல்லது. படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"நல்லதுதான். அன்னிக்கு அந்தக் கம்பெனியில ஸ்டாக் இல்ல."

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லணும். ஏமாந்தவர் தலையில கட்டக் கூடாது. ரெண்டு மாசமா எங்கப்பாவால தஞ்சாவூருக்கு வர முடியல, தெரியுமா உங்களுக்கு?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். அழுக்குப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்புதாம்மா. எம்மேலதான் தப்பு."

செம்மொழிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்னும் ஏழு கேள்வி பாக்கி இருந்தது. எதிராளி இப்படி முதல் சுற்றிலேயே கையைத் தூக்கினால் எப்படி?

"வாயால சொன்னாப் போதாது, எழுதிக் குடுங்க. வண்டியையும் நான் பார்க்கணும். வீட்டுலதான நிக்குது?"

அவர் தயங்கினார். "இங்கதாம்மா இருக்கு. பின்னாடி."

கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கார் நின்றது. கண்ணாடி தெரியாமல் சருகு மூடிக் கிடந்தது. ஆதாரத்துக்குப் போட்டோ எடுக்கக் குனிந்தவள், பின் டயரில் கை வைத்தாள்.

என்னவோ குத்தியது.

புது டயரில் ரப்பர் முடி முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, நாலு நாள் ரோட்டில் ஓடினால் தேய்ந்து காணாமல் போகுமே, அந்த முடி. ஒன்றுகூட உதிராமல் அப்படியே நின்றது. அடுத்த டயரையும் தடவிப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான்.

"பாய், இந்த டயர் ஓடவே இல்லையே."

அவர் கார்க் கண்ணாடியில் கிடந்த சருகைக் கையால் தள்ளினார்.

"ஓடாத வண்டி எப்படி ஒரு பக்கமா இழுக்கும்? நீங்க எதுக்குத் தப்பை ஒத்துக்கிட்டீங்க? சொல்லுங்க பாய். எங்கப்பா ஏன் என்னைப் பார்க்க வரல?"

கடைசிக் கேள்வி அவள் ஒத்திகை பார்த்துவைத்ததில் இல்லை.

ஜெய்னுலாபுதீன் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"சர்க்கரை கண்ணுல இறங்கிடுச்சும்மா. புது டயர் மாட்டின அன்னிக்கு ஏறி உக்காந்தவரு, எதிர்ல நிக்கிற லாரி மங்கலாத் தெரியுதுன்னு இறங்கி, சாவியை எங்கிட்டக் குடுத்துட்டாரு. வைத்தியம் பார்த்துட்டுத்தான் இருக்கோம். உனக்குத் தெரிஞ்சா பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துடுவியாம். ஏப்ரல் வரைக்கும் பழி உங்க டயர் மேலயே இருக்கட்டும் பாய்னு கேட்டாரு. சரின்னுட்டேன். நீ போனை எடுக்கிறதை நிறுத்தின பிறகு, எங்க கடையைத் திட்டி நெட்டுல எழுதியிருக்கே பாரு, அதைச் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போறாரு. 'மனசாட்சி இல்லாத மனிதர்'னு என்னைப் போட்டிருக்கியே, அந்த இடம் வந்தா மட்டும், 'இன்னும் சத்தமாப் படிங்க பாய், எம்பொண்ணு அப்படித்தான் பேசுவா'ங்கிறாரு."