மாடியில் சீட்டுச் சத்தம்

"சீட்டைக் கவுத்தே வைங்க. நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணாத் திருப்பணும். ம்... காட்டுங்க!"

நஸீஹா சொன்னதும் பாயில் நான்கு சீட்டுகள் புரண்டன. நஸீஹா, வசீம், அஃப்ரித் மூவருடையதிலும் மூன்று. ஆன்சியின் சீட்டில் மட்டும் பதின்மூன்று.

"ஏ ஆன்சி, படகுக்காரங்க போன்ல ஐஸ் கேக்குறதுக்கு ஒரு ஸ்கிரீன். அதுக்குப் போயி பதிமூணா?" வசீம் சிரித்தான்.

சூதாட்டம் ஒன்றும் இல்லை. ஐஸ் கம்பெனி முத்துகிருஷ்ணன் ஒரு ஆப் கேட்டிருந்தார். அதில் எந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று மண்டபம் ஊரில் இருந்த அந்த மாடி ஆபீசில் மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவர் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் எண் போட்ட சீட்டுகள். போன புராஜெக்டில் வாய்க்கு வந்தபடி குறைத்துச் சொல்லிவிட்டு, வேலை முடியாமல் பெருநாளன்றுகூட நஸீஹா பிரியாணி வாசனையை வீட்டில் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தாள்.

"கரையில நின்னு கேட்டா மூணுதான்," என்றாள் ஆன்சி. "எங்கய்யா கடலுக்குள்ள இருந்துல்ல கேப்பாரு? அங்கன டவரே இருக்காது. ஆர்டரை போன்லயே வச்சிருந்து, கரை நெருங்கினதும் தானாப் போகணும். ஒரே ஆர்டர் ரெண்டு தடவ போயிறவும் கூடாது."

வசீமின் சிரிப்பு அடங்கிவிட்டது. "இத நான் யோசிக்கவே இல்லையே!"

"நானும்தான். இதுக்குத்தான்டா இந்தச் சீட்டு. மறுபடி போடுவோம்," என்று நஸீஹா கட்டைக் கலைத்துக் குலுக்கினாள். சடசடவென்று நல்ல சத்தம்.

உடனே மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறி வந்தார்கள். வாசலில் கட்டட உரிமையாளர் யேசுதாஸ் மூச்சு வாங்க நின்றார்.

நஸீஹா கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாடகைக்கு விடும்போது அவர் மனைவி ஜோதிமேரி போட்டது ஒரே நிபந்தனைதான்: "இந்தக் கட்டடத்துக்குள்ள சீட்டுக்கட்டு மட்டும் வரவே கூடாது." அலைந்து திரிந்து பிடித்த இடம். இதுவும் போனால் ஆப்பை எங்கே உட்கார்ந்து எழுதுவது?

யேசுதாஸ் மாடிப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கீழ வரைக்கும் கேக்குது. சீட்டுத்தானே?"

"அல்லா அறிய சூதாட்டம் இல்ல அங்கிள்! எந்த வேலை பெருசு, எது சிறுசுன்னு மதிப்புப் போடுறோம். நீங்களே பாருங்க." நஸீஹா கட்டை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. திருப்பத் திருப்ப அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசிச் சீட்டையும் பார்த்துவிட்டு, தொப்பென்று பாயில் உட்கார்ந்தார்.

"ராஜா, ராணி, ஜோக்கரு... ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல அங்கிள், வெறும் நம்பருதான்!" நஸீஹாவுக்கு உயிர் வந்தது. "ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"அவகிட்ட நான் எப்பிடிம்மா சொல்லுவேன்?" யேசுதாஸ் பெருமூச்சு விட்டார். "ரம்மிக்கு ஒரு கை கொறையுமோன்னுல்ல ஓடியாந்தேன்!"