கடதாசிக் கப்

"அம்மா, இது பின்லிட்."

வெட்கக்கேடு என்பதை டெனிஷில் சொன்னால் அம்மாவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுடும் என்று சாரங்கிக்கு ஒரு நினைப்பு.

அம்மா சரோஜினிதேவி காதில் வாங்கவில்லை. குசினியில் கடதாசிக் கப்புகளை அடுக்கித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

சாரங்கி பள்ளிக்கூடம் முடித்து, டென்மார்க் வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்டதற்கு விருந்து. ஒடென்சேயில் இருக்கிற தெரிந்த தமிழ்ச் சனம் முழுக்க ஹோலுக்குள் இருந்தது. நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பைகளோ கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன.

"என்ன சரோ, பீங்கானை மியூசியத்துக்கு எழுதி வைச்சிட்டீரோ?" ஹோலிலிருந்து விமலராணி அன்ரி குரல் கொடுத்தார். "இந்தக் கப் தேத்தண்ணியோட சேர்ந்து தொண்டைக்குள்ளை இறங்கப்போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். சாரங்கிக்கு முகம் கொதித்தது.

மியூசியம் அவளுக்குத் தெரியாததா? சனி ஞாயிறில் ஒரு பழைய பிரபு மாளிகையில் சுற்றிக்காட்டுகிற வேலை. போன கிழமை அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போய், நானூறு வருசத்துக்கு முந்திய சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். தலைமாட்டில் பிரபுவுக்கு வெள்ளித்தட்டு. நடுவில் உள்ளவர்களுக்கு வெள்ளீயம். கடைக்கோடியில் மரத்தட்டு.

"ஒரே மேசையிலை இருத்தி வைச்சுக்கொண்டு இப்பிடியோ? மனிசத்தன்மை இல்லாத சனம்," என்று அப்பா பாலேந்திரா பொரிந்து தள்ளினார்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எல்லாருக்கும் மரத்தட்டே வைச்சிருந்தால்?"

"பிறகு அவர் என்னெண்டு பிரபு ஆகிறது?" என்றாள் சாரங்கி. பாவம், அம்மாவுக்கு விசயம் விளங்கவில்லை என்று நினைத்தாள்.

இப்போதுதான் அவளுக்கே விளங்கியது. பீங்கான் பார்க்க, கடதாசி சனத்துக்கு. இந்த வீட்டுப் பிரபு அம்மாதான்.

ஹோலில் அப்பாவின் குரல் கணீரென்று கேட்டது. "குருசுமுத்து அண்ணை, ஏன் நிக்கிறியள்? வந்து இருங்கோ. இது உங்கடை வீடு."

விடியவே வந்து கதிரை மேசை எல்லாம் தூக்கிப் போட்ட மனிதர். இன்னும் கதவடியில்தான் நின்றார்.

சாரங்கிக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக் குசினிக்குக் கொண்டுவந்தாள்.

"வேண்டாம் பிள்ளை. அதை வை," என்றாள் அம்மா.

"ஆரும் திண்டுபோட மாட்டினம். உங்கடை பவிசுக்குச் சனம் என்னைப் பாத்துச் சிரிக்கவோ?"

பாலேந்திரா பின்னாலேயே வந்தார். "அப்பிடிச் சொல்லு பிள்ளை. நானும் எத்தினை தரம் கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். வந்த ஆக்கள் என்ன நினைப்பினம்?"

சாரங்கி அம்மாவை ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு, பீங்கானில் ஊற்றத் தொடங்கினாள்.

அப்பா குசினிக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"குருசுமுத்துவுக்கு மட்டும் கடதாசிக் கப்பிலையே குடு."

'அண்ணை' ஹோலோடு நின்றுவிட்டது.

"ஏன்?"

"அந்த ஆக்களுக்கு ஊரிலை எங்கடை வீட்டிலை தேங்காய்ச் சிரட்டையிலைதான் குடுக்கிறது. இஞ்சை சிரட்டைக்கு எங்கை போறது?"

சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு விருந்தாளிகளிடம் போனார்.

சாரங்கியின் கை ஊற்றுவதை நிறுத்தியது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா பீங்கானை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தாள். கடதாசிக் கப் தட்டத்தைத் தூக்கி மகளின் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோ பிள்ளை. எல்லாருக்கும் மரத்தட்டு. கொப்பாவுக்கும்."