ஹோஸ்ட்

"கெஸ்ட்டுக்கெல்லாம் அந்த அறையைத் திறக்கிறதில்லைங்கய்யா" என்றாள் கல்யாணசுந்தரி.

லட்சுமணனுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து கெஸ்ட் என்கிறாள்! அவர் பிறந்ததே இந்த நெற்குப்பை வீட்டில்தான். பதினோரு வருசத்துக்கு முன்னால் பங்காளிகள் சேர்ந்து விற்றார்கள். அவர் ஊருக்குக்கூட வராமல் சென்னையிலிருந்தே பவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கியவள் இந்தக் கல்யாணசுந்தரி, திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டை ஹோட்டலாக்கிவிட்டாள்.

இப்போது எழுபத்திரண்டு வயதில், பிறந்த வீட்டிலேயே ரூம் போட்டுத் தங்க வந்திருக்கிறார் மனுசர். யாரென்று சொல்லிக்கொள்ளக் கூச்சம். பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கமுக்கமாக இருந்தார்.

வந்ததே அந்த ஒரு அறைக்காகத்தான். வருசத்துக்கு ஒரு நாள் பங்காளிகள் எல்லாரும் கூடி, முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பது அங்கேதான். அடேயப்பா, அது ஒரு காலம்! வீடு கொள்ளாத ஆட்கள். அடுப்படியில் ஏழெட்டு ஆச்சிமார். படைப்பு முடிகிற வரைக்கும் பசியோடு காத்துக் கிடக்கும் பிள்ளைகள். அந்தத் தரையில் ஒரு தரம் விழுந்து கும்பிட்டால் போதும் அவருக்கு.

அறையோ பூட்டிக் கிடந்தது.

அவள் சேலையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார். 'ஹோஸ்ட்' என்று போட்டிருந்தது. முப்பது வருசம் இங்கிலீஷ்-தமிழ் அகராதி வேலை பார்த்தவர். அவருக்குக் கோபம் வந்தாலும் அகராதியாகத்தான் வரும்.

"ஏம்மா, ஹோஸ்ட்டுன்னா என்னன்னு தெரியுமா?"

"விருந்தாளிகளை உபசரிக்கிறவுக. அப்படித்தானே அய்யா?"

"அது ஒரு அர்த்தம். படை திரண்டு வர்ற பெருங்கூட்டமும் ஹோஸ்ட்டுதான். உண்ணி ஏறி உட்கார்ந்து ரத்தம் குடிக்குதே, அந்த மாடும் ஹோஸ்ட்டுதான். லத்தீன்ல 'ஹோஸ்பெஸ்'னு ஒரு சொல்லு. சோறு போடுறவனும் ஹோஸ்பெஸ், சாப்பிட வந்தவனும் ஹோஸ்பெஸ். ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வேரு. அதுக்கு ஒரு பங்காளி உண்டு, 'ஹோஸ்டிஸ்'னு. ஆதியில அதுக்கு அந்நியன்னு அர்த்தம். போகப் போக எதிரின்னு ஆயிருச்சு. வந்தவனை அந்நியனாவே நடத்தினா அப்படித்தான் ஆகும்!"

"ஆரம்பிச்சுட்டீகளா?" என்றாள் அவர் மனைவி மெய்யம்மை. "வந்த எடத்துலயும் அகராதியைப் பிரிக்கணுமா? பேசாம வாங்க."

கல்யாணசுந்தரி சிரித்தாள். "அய்யா சொல்றது நல்லாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா சாவி மட்டும் கிடையாது."

மத்தியானம் வெண்டைக்காய் மண்டியும் கருணைக்கிழங்கு மசியலும் போட்டார்கள். லட்சுமணனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"என்னத்தைப் பதுக்கி வச்சிருக்காளோ" என்று மனைவியிடம் பொருமினார். "பாட்டிலாத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் வந்து தங்குற எடமாச்சே. எங்க அப்பச்சி விழுந்து கும்பிட்ட எடத்துல பாட்டிலு!"

"நீங்க பார்த்தீகளா?"

"பார்க்க விட்டாத்தானே!"

பொறுக்க முடியவில்லை. கைகூடக் கழுவாமல் எழுந்து போனார். பின்னாலேயே மெய்யம்மை ஓடினாள்.

"எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். திறந்து காட்டும்மா."

"கோடி குடுத்தாலும் முடியாதுங்கய்யா. அது வீட்டுக்காரவுக அறை."

"வீட்டுக்காரி நீதானே!"

"நான் வாங்கினவ" என்றாள் அவள். "நாங்க வாங்கி உள்ள வந்தப்ப, அந்த அறையில ஒரு பேழை இருந்துச்சு. திறந்தா பழைய சீலை, வேட்டி. ஊர்ல விசாரிச்சேன். அவுக முன்னோருக்கு வச்சுக் கும்பிடுற துணியாச்சே, அதை எப்படி விட்டுட்டுப் போனாகன்னு எல்லாரும் பதறிட்டாக. பங்காளிகளுக்குள்ள மனத்தாங்கலாம். அவரு எடுத்திருப்பாருன்னு இவரும், இவரு எடுத்திருப்பாருன்னு அவரும் இருந்துட்டாக போல. தகவல் சொல்ல ஆளு கிடைக்கல. அதுக்காகப் பெரியவுகளைப் பட்டினி போட முடியுமா? வருசா வருசம் மாசியில நானே இலை போட்டுப் படைக்கிறேன். அவுக ஆளுக வர்ற வரைக்கும் வேற யாரு காலும் உள்ள படக்கூடாதுங்கய்யா."

லட்சுமணன் பூட்டிய கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார். மெய்யம்மைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆத்தா, அந்தப் பங்காளிகள்ல ஒருத்தவுக இவுகதான்."

கல்யாணசுந்தரி பதறிப்போனாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா அய்யா! நீங்களே திறங்க. உங்க முறையெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நாலு பேரைக் கேட்டு ஏதோ செஞ்சேன். தப்பா இருந்தாத் திருத்துங்க. சென்னையில நீங்க வருசா வருசம் எப்படிப் படைக்கிறீக?"

சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றார் லட்சுமணன். பேழையை அண்ணன் கொண்டுபோயிருப்பான், இனி எல்லாம் அவன் பாடு என்று சொல்லி, வீட்டை விற்ற வருசமே படைப்பை நிறுத்திவிட்டவர் அவர்.